எட்ட நிற்கும் சொற்கள்

பதுளை
14.9.1979

அன்புள்ள தம்பி நஸீருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் தலைவலி இப்போது எப்படி? ஸைனபும் பிள்ளைகளும் சுகமா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நித்திரைதான் துண்டு துண்டாக வருகிறது.

இன்று காலை சுபஹ் தொழுததும் முதல் வேலையாகக் கூடத்துத் திரையை இறக்கி, அதன் அடியில் ஒரு பழைய சாரித் துண்டைச் சேர்த்துத் தைத்தேன். திரைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. புஹாரி மச்சான் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து கூடத்தில் உட்கார்ந்து, "மச்சி, அரிசி ஈக்கா? மண்ணெண்ணெய் ஈக்கா?" என்று கேட்கும்போது அவருடைய செருப்பு எனக்குத் தெரியும். அப்படியென்றால் என் காலும் அவருக்குத் தெரியும்தானே. தைத்து முடித்த பிறகு வேறு எதையாவது தைக்கலாமா என்று வீடு முழுக்கத் தேடினேன். பதினெட்டு வருடம் பள்ளிக்கூடத்துக்கு ஏறி இறங்கிய கால்கள், கணவன் மௌத்தானவள் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா என்று ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இரு என்றால் சும்மா இருக்குமா?

பின்னேரத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராக வருகிறார்கள். டிசம்பரில் பரீட்சை. எனக்குப் பதிலாக வந்த மாஸ்டர் ஆங்கில மரபுத்தொடர்களைத் தொடவே இல்லையாம். நானே ஒரு தொகுப்பு எழுதத் தொடங்கினேன். எழுதிப் பார்த்தால், ஆளை விட்டும் தொல்லையை விட்டும் விலகி நிற்பதற்கு அந்தப் பாஷையில் எத்தனை தொடர்கள்! ஒருவரைக் கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் வைப்பார்களாம். பிடிக்காதவருக்குக் குளிர்ந்த தோளைக் காட்டுவார்களாம். கப்பலுக்கு அகலமாக இடம் விடுவது என்றும் ஒன்று இருக்கிறது. நீ துறைமுகத்துக் கப்பல் கம்பனியில் இருப்பவன். அதைக் கொஞ்சம் விளக்கி எழுது.

இன்னொன்று. மையித்து வீட்டில் நான் கேட்க வாயெடுத்தபோது, "இப்போது வேண்டாம் ராத்தா" என்றாய். இப்போது கேட்கிறேன். இந்த வீடு புடவைக் கடையோடு சேர்ந்தது. மேல் மாடியில் புஹாரி மச்சான் இருக்கிறார். உன் மச்சான் ஸரூக் உயிரோடு இருந்தவரை இது அண்ணன் தம்பி இருவரும் இருந்த குடும்ப வீடு. இனி, பிள்ளை இல்லாத நானும் மனைவி இல்லாத அவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது அழகில்லை. நம்முடைய பண்டாரவளை வீடும் கைவிட்டுப் போயிற்று. இத்தா முடிந்ததும் நான் உன்னிடம் கொழும்புக்கு வரட்டுமா?

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் ராத்தா,
ஸித்தி ஸுபைதா


கொழும்பு
30.9.1979

மரியாதைக்குரிய ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு அனைவரும் சுகம். சின்னவனுக்கு மட்டும் இருமல். உங்கள் நித்திரைக்கு ஸைனபின் உம்மா ஒரு கஷாயம் சொன்னார். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் போட்டு அவித்துக் குடியுங்கள். அவர் இப்போது எங்களோடுதான் இருக்கிறார். முன் அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டோம்.

கப்பல் விஷயம் கேட்டிருந்தீர்கள். நங்கூரம் போட்ட கப்பல் ஒரே இடத்தில் நிற்காது. காற்றும் நீரோட்டமும் திருப்பத் திருப்ப அதுவும் சுற்றும். அது சுற்றுவதற்கு வேண்டிய இடத்தை விட்டுத்தான் மற்றக் கப்பல் போக வேண்டும். கிட்டப் போனால் மோதும். மோதினால் இரண்டுக்கும் நட்டம். எங்கள் பழைய கப்டன் ஒருவர், வாழ்க்கைக்கும் இதுதான் சட்டம் என்பார். நானும் அப்படித்தான் நடக்கிறேன். கந்தோரில் இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு விரோதி கிடையாது.

நீங்களும் அங்கே எதற்கும் கிட்டப் போக வேண்டாம். புஹாரி நானாவோடு ஒத்துப் போங்கள். கடை விஷயம், வீட்டு விஷயம் எதையும் நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம். எல்லாம் நேரத்தோடு சரி வரும்.

பார்சலில் ஒரு போர்வை அனுப்பியிருக்கிறேன். ஸைனப் ஸலாம் சொல்கிறாள்.

இப்படிக்கு,
நஸீர்


பதுளை
8.10.1979

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சின்னவனின் இருமல் குறைந்ததா? போர்வை கிடைத்தது, நல்ல சூடு. கஷாயமும் குடித்தேன். நித்திரைக்குப் பதிலாகப் பசிதான் வந்தது.

கப்பலைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். என் கேள்விக்கு ஒரு வரி இல்லை. மறந்திருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒரு புதினம். இப்போதெல்லாம் புஹாரி மச்சான் அரிசியும் மண்ணெண்ணெயும் கேட்டு முடிந்த பிறகும் எழுந்து போவதில்லை. நேற்று நெடுநேரம் செருமிக்கொண்டிருந்துவிட்டு, "மச்சி, வெளக்கெரியாத வீட்டுக்கு வௌவால் வரும் எண்டு செல்லுவாங்க" என்றார்.

"வெளக்கு எரியுதே மச்சான்" என்றேன்.

"அந்த வெளக்க செல்லல்ல."

"அப்ப எந்த வெளக்கு?"

மறுபடி செருமினார். பிறகு, "சரி, மண்ணெண்ணெய் அனுப்புறேன்" என்று எழுந்து போய்விட்டார். மண்ணெண்ணெய்ப் போத்தல் ஏற்கனவே நிறைந்திருக்கிறது.

பள்ளிவாசல் லெப்பையின் மனைவி வந்தபோது பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். இத்தா இருப்பவளிடம் கல்யாணப் பேச்சை வாய்விட்டு எடுக்கக் கூடாதாம், வாக்கும் கொடுக்கக் கூடாதாம். சாடையாகச் சொன்னால் குற்றமில்லையாம். அப்படியென்றால் வௌவால் சாடைதான்.

எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. அவர் நல்ல மனிதர். ஸரூக்கை அடக்கப் போர்த்திய கபன் துணியைத் தன் கையாலேயே வெட்டினார். ஆனால் நல்ல மனிதர் என்பது மட்டும் ஒரு பதில் ஆகிவிடுமா? நான் என்ன செய்ய? நீ ஆண்பிள்ளை, மார்க்கப்படி எனக்குப் பொறுப்பாளனான வலி, எனக்காகப் பேச வேண்டியவன் நீதான். எழுது.

ஸைனபுக்கும் அவளுடைய உம்மாவுக்கும் ஸலாம்.

ராத்தா


கொழும்பு
3.11.1979

மரியாதைக்குரிய ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. உங்களை நினைத்தோம். அங்கே குர்பான் இறைச்சி கிடைத்ததா? பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். பெருநாள் நெருக்கடி, கந்தோரிலும் கணக்கு முடிக்கும் காலம்.

உங்கள் தொகுப்புக்கு இன்னும் ஒன்று தருகிறேன். தூங்கும் நாயைத் தூங்க விடு என்று ஆங்கிலத்தில் இருக்கிறதல்லவா? அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புஹாரி நானா சாடை பேசினால் நீங்கள் எதிர்ச்சாடை பேச வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். பேசாமல் இருங்கள். பெண்களுக்கு மௌனம்தான் அழகு, பாதுகாப்பும் அதுதான். அவர் அதைத் தவறாக எடுக்க மாட்டார். அவருடைய மனைவி மௌத்தாகி ஆறு வருடம். ஒரு கெட்ட பேச்சு வந்ததில்லை. வெற்றிலையைத் தவிர வேறு பழக்கமும் இல்லை.

பேசாமல் இருங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

குளிர் காலம், கவனம். பிள்ளைகள் உங்களைக் கேட்கிறார்கள்.

நஸீர்


பதுளை
12.11.1979

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைச்சி கிடைத்தது. வெளியே ஒரே மழை. உடுப்பு எதுவும் காய்வதில்லை, என் மனமும் அந்தக் கொடியில்தான் தொங்குகிறது. நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

நீ சொன்னபடி பேசாமல் இருக்கிறேன். புஹாரி மச்சான் மழையைப் பற்றிப் பேசுகிறார், உருளைக்கிழங்கு விலையைப் பற்றிப் பேசுகிறார், நான் பேசாமல் இருக்கிறேன். அவர் போன பிறகு அறைக்கும் குசினிக்குமாக நடக்கிறேன். பேசாமல் இருப்பது இவ்வளவு களைப்பான வேலை என்று தெரியாது.

பிள்ளைகளுக்கு ஒரு தொடரை விளக்கினேன். ஒன்றைத் தொடவே விருப்பமில்லை என்றால், படகு தள்ளும் நீளக் கோலாலும் தொடமாட்டேன் என்பார்கள் என்றேன். ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து வரும் பிள்ளை எழுந்து நின்றாள். "டீச்சர், அந்த வெள்ளக்காரங்களுக்கு வெலகி நிக்கிறதுக்குக் கோலு, கப்பலு, தோளு எல்லாம் வேணுமா? எங்க லயத்துல பக்கத்து வீட்டோட கோவம்னா சும்மா கதவச் சாத்திருவோம். நடுவுல ஒரு சொவருதானே!" எல்லோரும் சிரித்தார்கள். நமக்கும் இருக்கிறது என்று சொன்னேன். பட்டும் படாமலும், ஒட்டியும் ஒட்டாமலும். அவற்றில் தூரம் இல்லை, கவனித்தாயா? கிட்டவே இருந்துகொண்டு விலகுவதுதான் நம்முடைய வழக்கம்.

சனிக்கிழமை ஜெயலெட்சுமி வந்தாள். பயிற்சிக் கலாசாலையில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள், உனக்குத் தெரியும். இப்போது லுணுகலைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நனைந்த குடையை மடக்க முன்பே பேச்சைத் தொடங்கிவிட்டாள்.

"எங்க இங்கிலீஷ் மாஸ்டர் சவூதிக்குப் போயிட்டாருடி. தோட்டத்துப் புள்ளைங்க எல்லாம் சும்மா உக்காந்திருக்கு. நீ வாயேன். குவாட்டர்ஸ்ல ரெண்டு அறை. நான் ஒண்டிக்கட்டதானே."

"கூரை ஒழுகுமே, போன வருஷம் நீயே சொன்னாய்."

"ஒழுகும். ஆனா எங்க ஒழுகும்னு எனக்குத் தெரியும். அங்க சட்டிய வச்சாப் போச்சு. ஒனக்குப் பதுளைய விட்டா உசிரு போயிருமா?"

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். என் தம்பி இருக்கிறான் என்று சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

ஆகையால் தம்பி, மறுபடி கேட்கிறேன். நீளமாக எழுத வேண்டாம். வா என்றோ வராதே என்றோ ஒரு சொல் போதும்.

ராத்தா


பதுளை
26.11.1979

தம்பி நஸீருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் சுகமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஹப்புத்தளைப் பக்கம் தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில் நின்றது என்றார்கள். உன் கடிதம் அதில் மாட்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். ரயில் ஓடத் தொடங்கி ஐந்தாறு நாளாகிறது. மற்றவர்களுக்குக் கொழும்புக் கடிதங்கள் வருகின்றன.

எனக்குச் சுகம்.

ராத்தா


கொழும்பு
4.12.1979

மரியாதைக்குரிய ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. ஸைனபின் உம்மாவுக்குச் சீனி வருத்தம் கூடி, ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தோம். இப்போது தாழ்வில்லை.

வராதே என்று நான் எப்படிச் சொல்வேன் ராத்தா? என்னை வளர்த்தவர் நீங்கள். இந்த வீடு உங்களுடையதுதான். ஆனால் கொழும்பு வீடு எப்படி என்று பார்த்திருக்கிறீர்கள். ஒருவர் திரும்பிப் படுத்தால் மற்றவரும் திரும்ப வேண்டும். ஸைனபும் நல்லவள்தான். இரண்டு நல்லவர்கள் ஒரே குசினியில் இருந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

லுணுகலைப் பேச்சு வேண்டாம். ஆண்துணை இல்லாமல் தோட்டப் பக்கத்தில் இருப்பது நம் குடும்பத்துக்குச் சரிப்படாது. நாட்டு நிலைமையும் அப்படி இப்படி இருக்கிறது.

இத்தா முடிந்து வரும் வெள்ளிக்கிழமை, ஜனவரி நான்காந் திகதி, நான் அங்கே நிற்பேன். இரவு மெயில் ரயிலில் வருகிறேன். லெப்பையையும் சந்திக்க வேண்டியிருக்கிறது. மிச்சம் நேரில்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நஸீர்


பதுளை
15.12.1979

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸைனபின் உம்மாவுக்கு என் துஆ. பாவற்காய் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுப் பார்.

என் பிள்ளைகள் ஆங்கிலப் பரீட்சை எழுதிவிட்டார்கள். விலகி நிற்கும் தொடர்களில் ஒன்றுகூட வரவில்லையாம். "டீச்சர், எல்லாத்தையும் பாடமாக்கினோமே!" என்று என்மேல் கோபம்.

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். புஹாரி மச்சான் வந்தார். அரிசியைக் கேட்கவில்லை. உட்காரவும் இல்லை.

"மச்சி, நான் ஒண்டும் கேக்க வரல்ல. கேக்கக் கூடாது எண்டு எனக்குத் தெரியும். ஆனா ஒரு விஷயம் உண்மையா எண்டு மட்டும் தெரியோணும்."

"என்ன மச்சான்?"

"நஸீர் தம்பி எழுதியீக்கார். ராத்தா பேசாம ஈக்கிறதே சம்மதம், நாலாந் திகதி நிக்காஹ், லெப்பைக்கிட்ட செல்லி வைங்க எண்டு. நானும் பாக்குறேன், ஒரு மாசமா நீங்க பேசுறதே இல்ல. சந்தோசத்துல பேசாம ஈக்கிறீங்களா, கோவத்துல பேசாம ஈக்கிறீங்களா எண்டு எனக்கு வெளங்கல்ல."

"இந்தப் பேச்சை முதலில் எடுத்தது யார்?" என்று கேட்டேன்.

"அவர்தான். மையித்து அடக்கி மூணாம் நாள். 'ராத்தாவக் கொழும்புல வெக்க ஏலாது நானா, நீங்கதான் பாத்துக்கொள்ளோணும்' எண்டு கையப் புடிச்சார்."

"நீங்க என்ன செல்லினீங்க?"

"நான் என்ன செல்ல? ஸரூக் நானாவப் பறிகுடுத்த நேரம், அழுதுகொண்டிருந்தேன். தலைய ஆட்டினேன். ஆட்டினது அழுகையிலயா சம்மதத்துலயா எண்டு எனக்கே தெரியா." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அதுக்குப் பொறகு யோசிச்சுப் பாத்தேன். யோசிக்க யோசிக்க எனக்கு வெறுப்பு ஈக்கல்ல மச்சி. அதையும் செல்லிப் போடுறேன். சாடை தேடித் தேடியே நான் மெலிஞ்சு போனேன். நானொரு புடவைக் கடைக்காரன், எனக்கு எங்க வரும் சாடை?"

நான் சிரித்துவிட்டேன். அழுகையும் கூடவே வந்தது. அவர் அதற்கும் பொருள் கேட்காமல் போய்விட்டார்.

தம்பி, நீ ஓதிய பிள்ளை. கன்னிப் பெண்ணிடம் கேட்டு அவள் பேசாமல் இருந்தால் அது சம்மதம். கணவனோடு வாழ்ந்தவள் தன் வாயால் சொல்ல வேண்டும். மதரஸாவில் முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள். பேசாமல் இருங்கள் என்று எனக்கு எழுதியவனும் நீ, பேசாமல் இருப்பது சம்மதம் என்று அவருக்கு எழுதியவனும் நீ. அதுவும் இத்தா நடுவில்.

நீ கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உன் பதிலை உன் சொந்தச் சொற்களிலேயே கேட்க வேண்டும்.

ராத்தா


கொழும்பு
24.12.1979

மரியாதைக்குரிய ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம். உங்கள் நலம் நாடுகிறேன்.

புஹாரி நானா இவ்வளவு அவசரப்பட்டிருக்கத் தேவையில்லை. நான் எழுதியதை அவர் ஒரு மாதிரி விளங்கிக்கொண்டார். எல்லாம் உங்கள் நன்மையை நினைத்துத்தான். ஊர் வாயில் விழாமல், ஒருவருக்கும் பாரமில்லாமல், இருந்த வீட்டிலேயே நீங்கள் இருக்கலாம் என்று பார்த்தேன். இதில் என்ன பிழை என்று எனக்கு விளங்கவில்லை.

உங்கள் கடிதத்தை ஸைனபிடம் காட்டவில்லை. அவள் கேட்டாள். ராத்தா சுகமாக இருக்கிறார் என்று சொன்னேன்.

சொன்னபடி வெள்ளிக்கிழமை காலை வருகிறேன். அதுவரை யாரிடமும் எதையும் பேச வேண்டாம். உங்களுக்கு என்ன கொண்டு வரட்டும்? கொழும்பில் நல்ல பேரீச்சம்பழம் வந்திருக்கிறது.

நஸீர்


பதுளை
31.12.1979

அன்புள்ள தம்பி நஸீருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குச் சுகம். உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

இத்தா நாளை மறுநாள் முடிகிறது. நீ வெள்ளிக்கிழமை வா. மெயில் ரயிலில் குளிரும், கழுத்துக்குத் துண்டு கட்டிக்கொள். பேரீச்சம்பழம் வேண்டாம். பிள்ளைகளின் படம் ஒன்று இருந்தால் கொண்டு வா. பெரியவளுக்கு முன்பல் விழுந்தது என்று ஸைனப் எழுதியிருந்தாள். அதைப் பார்க்க வேண்டும்.

மழை விட்டிருக்கிறது.

உன் ராத்தா,
ஸித்தி ஸுபைதா


கையெழுத்துப் போட்ட பிறகும் பேனாவை மூட முடியவில்லை. மேலே உள்ள தாள் மட்டும் உறைக்குள் போகும். இது என்னிடம் இருக்கட்டும்.

தம்பி, உன்னோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை. நீ சிறுவயதிலேயே அப்படித்தான். தெருவில் இரண்டு பேர் சத்தம் போட்டால் வேறு தெருவால் வீட்டுக்கு வருவாய். அதைப் புத்தி என்று வாப்பா மெச்சினார், நானும் மெச்சினேன். நீ சுற்றிப் போகும் தெருவில் ஒருநாள் நானே நிற்பேன் என்று நினைத்ததில்லை.

புஹாரி மச்சானைப் பற்றியும் யோசித்தேன். அவர் தானாக வந்து நேராகக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? இல்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அதுதான் என்னை அறைக்கும் குசினிக்குமாக நடக்க வைக்கிறது. ஆனால் யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே எல்லோரும் பதிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வியாழக்கிழமை காலை கடை திறந்ததும் முன்வாசலால் போவேன். கூலிக்காரர், வாடிக்கைக்காரர் யார் நின்றாலும் சரி. நாலாந் திகதி நிக்காஹ் இல்லை என்று அவரிடம் என் வாயால் சொல்வேன். லெப்பைக்கு அவரே சொல்லிவிடட்டும். அவருக்குக் கேட்க வேண்டியது ஏதும் இருந்தால் லுணுகலைக்கு பஸ் ஓடுகிறது, ஒரு வருடம் கழித்து வந்து கேட்கட்டும். அப்போது யோசித்துச் சொல்வேன்.

அங்கிருந்து நேரே கல்விக் கந்தோருக்குப் போய் லுணுகலைக்கு இடமாற்றம் கேட்பேன். கொடுக்காவிட்டால் கொடுக்கும்வரை அங்குள்ள மர வாங்கில் உட்கார்ந்திருப்பேன். வெள்ளிக்கிழமை நீ வந்து இறங்கும்போது என் பெட்டி கட்டியிருக்கும். உனக்குச் சோறும் போடுவேன், விஷயத்தையும் சொல்வேன். அறையை ஒழித்து வைக்கச் சொல்ல வேண்டிய ஜெயலெட்சுமிக்குக்கூட இன்னும் ஒரு வார்த்தை எழுதவில்லை.